எஸ்எம்எஸ் தொலைவது பெரும்பாலும் நம் கையால்தான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டோ என்றால் இரண்டு இடத்தில் சேமிப்போம். எஸ்எம்எஸ் என்றால் அந்த அக்கறை வருவதில்லை. பணம் கட்டியதற்கான அத்தாட்சி, வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தத்துக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சான்று எல்லாம் அதில்தான் கிடக்கும்.

மெசேஜ் சிம் கார்டில் இருக்கிறது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். சிம்மில் சில பத்து எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் இடமே கிடையாது. ஸ்மார்ட்போன் அவற்றைத் தன் உள் நினைவகத்தில் வைக்கிறது. சிம்மைப் புது போனில் போட்டால் நம்பர் வரும், பழைய மெசேஜ் வராது.

ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் எல்லாம் மெசேஜ் ஆப்புக்கு வெளியே, சிஸ்டத்தின் தனி டேட்டாபேஸில் இருக்கும். அதனால் ஆப்பை மாற்றினாலும் அவை அழியாது. ஆனால் இடம் போதவில்லை என்று சிஸ்டம் ஆப்களின் பட்டியலைத் திறந்து, போன், மெசேஜ் ஸ்டோரேஜ் என்ற பெயரில் இருப்பதில் ‘க்ளியர் டேட்டா’ கொடுத்தால் மொத்தமும் காலி. தற்காலிக ஃபைல்களை மட்டும் நீக்கும் ‘க்ளியர் கேச்’ ஆபத்தில்லாதது. பக்கத்திலேயே இருக்கும் மற்றதுதான் வினை. அப்படியே சுத்தம் செய்தாலும் மிச்சமாகும் இடம் அற்பம். ஆயிரக்கணக்கான எஸ்எம்எஸ் சேர்ந்தாலும் ஒரு சின்ன வீடியோ அளவுகூட வராது.

தானாக அழிக்கும் செட்டிங்கையும் பார்த்துவிடுங்கள். ஐபோனில் மெசேஜஸ் செட்டிங்ஸுக்குள் ‘கீப் மெசேஜஸ்’ என்று ஒன்று உண்டு: 30 நாள், 1 வருடம், ஃபாரெவர். 30 நாள் என்று மாற்றி, கேட்கும் கேள்விக்குச் சரி சொன்னால் அதற்கு முந்தையவை நீங்கிவிடும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் ‘பழைய மெசேஜை நீக்கு’ என்ற வசதி இருக்கிறது; அதை ஆஃப் செய்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது சிங்க், அதாவது உங்கள் எல்லாக் கருவிகளிலும் ஒன்றையே காட்டும் வசதி. ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பிடமான ஐகிளவுடில் மெசேஜஸை ஆன் செய்தவர்கள் பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். அது பேக்கப் அல்ல. ஐபோனில் ஒரு மெசேஜை அழித்தால் ஐபேடிலும் மேக்கிலும் சேர்ந்தே அழியும். போதாக்குறைக்கு, இந்த சிங்க் ஆனில் இருந்தால் ஐகிளவுட் பேக்கப்பில் மெசேஜ் தனியாகச் சேர்வதில்லை. ஐஓஎஸ் 16 முதல் அழித்தவை ‘ரீசென்ட்லி டிலீட்டட்’ பகுதியில் சுமார் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். தனிப் பிரதி வேண்டுமானால் ஐபோனில் இந்த சிங்க்கை ஆஃப் செய்து, மெசேஜ் எல்லாம் போனில் இருப்பதை உறுதி செய்துவிட்டு, போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபைண்டரிலோ ஐடியூன்ஸிலோ பாஸ்வேர்டு போட்ட பேக்கப் எடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் இருந்தும் பயனில்லை.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், பேக்கப் என்று போனால் எஸ்எம்எஸ் சேர்ந்திருக்கிறதா, கடைசியாக எப்போது ஏறியது என்று தெரியும். தேதி பழையதாக இருந்தால் வைஃபையில் இணைத்து, சார்ஜில் போட்டு, ‘பேக்கப் நவ்’ அழுத்துங்கள். ஆன் செய்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதால்தான் சிக்கல் வருகிறது. போனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டால் அந்த பேக்கப் நீக்கப்படலாம். புதிய ஆண்ட்ராய்டு பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்பு ஓடும் போனில் இறக்க முடியாது. மீட்கும்போது பழைய போனின் ஸ்கிரீன் லாக்கைக் கேட்கும், அதையும் மறக்கக் கூடாது. புது போனை முதன்முதலில் செட்டப் செய்யும்போதே ரீஸ்டோர் செய்துவிடுவது நல்லது. அவசரத்தில் ‘ஸ்கிப்’ அழுத்தியவர்கள் பெரும்பாலும் போனை ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அதனால் இரண்டாவது பிரதி ஒன்று இருக்கட்டும். ‘எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர்’ போன்ற ஆப் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாக எழுதித் தரும். ஃபைலைப் போனிலேயே விட்டால் போனோடு அதுவும் போகும். கம்ப்யூட்டருக்கோ டிரைவுக்கோ நகர்த்துங்கள். உள்ளே இருப்பது வெறும் எழுத்து, யார் திறந்தாலும் படிக்கலாம் என்பதால் பூட்டி வையுங்கள். திரும்ப ஏற்றும்போது அந்த ஆப் தற்காலிகமாக டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப்பாக இருக்க வேண்டும், ஆண்ட்ராய்டு 4.4 முதல் விதி அப்படி. முடிந்ததும் பழைய ஆப்பையே டீஃபால்ட்டாக்க மறந்துவிடாதீர்கள்.

பழைய போனை அன்றைக்கே ரீசெட் செய்து கைமாற்றுவதும் தவறு. புது போனில் மிகப் பழைய மெசேஜ் ஒன்றைத் தேடிப் பாருங்கள், கிடைத்த பிறகு ரீசெட் செய்யலாம்.

ஏற்கெனவே தொலைந்துவிட்டதா? ஆர்க்கைவ், ஸ்பேம், ட்ராஷ் மூன்றையும் முதலில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் வைஃபையையும் டேட்டாவையும் உடனே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரவு சார்ஜ் ஏறும்போது, மெசேஜ் இல்லாத புது பேக்கப் வந்து நல்ல பேக்கப்பின் மேல் உட்கார்ந்துவிடும். பேக்கப்பையே ஆஃப் செய்துவிடாதீர்கள். சில போன்களில் அப்படிச் செய்தால் சேமித்ததும் அழியும். சிங்க் ஆன பழைய டேப்லெட் நெட் இல்லாமல் கிடந்தால், நெட்டில் இணைக்காமலே திறந்து பாருங்கள், அதில் இன்னும் இருக்கலாம்.

‘ரூட் செய்தால் மீட்டுத் தருகிறோம்’ என்னும் சாஃப்ட்வேர்களிடம் போகாதீர்கள். ரூட் என்றால் சிஸ்டத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுப்பது; அதற்குப் பொதுவாக போனைத் தொடக்கிவைக்கும் புரோகிராமான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போன் முழுவதும் துடைக்கப்படும். ரீசெட் ஆன போனும் அதே கதைதான். உள்ளே எல்லாம் என்கிரிப்ட் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில் இருக்கிறது, ரீசெட்டில் அதன் சாவியே அழிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு முயற்சி செய்கிறோம் என்பவர்களாலும் அதைத் திறக்க முடியாது.