ஐஸ் கம்பெனி மோட்டாரும் ப்ராசஸரின் 1.2 வோல்ட்டும்

மீன்பிடித் தடைக்காலத்தில் நான் சரி செய்து கொடுத்த ஒரு கம்ப்யூட்டர், தடை முடிந்த வாரமே திரும்பி வந்தது. பாம்பனில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பியுடையது. "அக்கா, இத்தனை நாள் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப சாயங்காலம் ரெண்டரிங் போட்டா டப்புனு ரீஸ்டார்ட் ஆகுது."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அவன் வீட்டுக்கு நாலு போஸ்ட் தள்ளியிருக்கும் ஐஸ் கம்பெனியும் அப்போது சும்மா கிடக்கும். தெருவில் வோல்டேஜ் அருமையாக இருந்த அந்த நாட்களில் டெஸ்ட் செய்துவிட்டு, நான் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் எழும் அடிப்படை அமைப்பு) ப்ராசஸர் வோல்டேஜைக் கூட்டியதால்தான் சரியானது என்று நம்பியிருந்தேன். படகு போனது, கம்ப்ரஸர் ஓடியது, என் கெட்டிக்காரத்தனம் வெளுத்தது. கூட்டி வைத்த வோல்டேஜால் மதர்போர்டில், ப்ராசஸருக்குப் போகிற கரண்டைத் திறந்து மூடும் மாஸ்பெட்டுகளைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் போர்டே போய்விட்டது. புது போர்டு என் காசில்.

அதிலிருந்து சுவரில் தொடங்கி ப்ராசஸர் சிப்பை நோக்கித்தான் போகிறேன். பயாஸ் கடைசி.

முதலில் சிப் என்ன கேட்கிறது என்று பாருங்கள். வோல்டேஜ் 1.2 அளவுதான். ஆனால் 100 வாட் வேலை செய்ய 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சின்ன வெல்டிங் ராடில் ஓடுகிற அளவு. அதுவும் சும்மா இருந்த சிப் கண் இமைப்பதற்கு எத்தனையோ முன்னால் முழு ஆம்பியரையும் கேட்கும். போர்டுக்கு வரும் 12 வோல்ட்டை 1.2 ஆக்கித் தருகிற விஆர்எம் அத்தனை வேகத்தில் எழுந்து வராது. அதனால்தான் கரண்டைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் தண்ணீர் வைத்திருப்பது போலத்தான்: மாடியில் டேங்க், அடுப்படியில் குடம், கையருகே சொம்பு. சிப்பை ஒட்டியிருக்கிற எள்ளு மாதிரிக் கெப்பாசிட்டர்கள் சொம்பு. சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் உருளைகள் குடம். தாகம் எடுத்தவுடன் சொம்பு, அது தீருவதற்குள் குடம், அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட வேண்டும். எங்காவது ஒன்று பிந்தினால் வோல்டேஜ் சரியும், கணக்கு தப்பும், மெஷின் விழும்.

சரி, எங்கே பிந்துகிறது?

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறங்கள். நீலத் திரை வராமல் மெஷின் விழுந்து, கெர்னல்-பவர் 41 (முறையாக அணையாமல் மெஷின் விழுந்தது என்ற குறிப்பு) மட்டும் பதிவாகியிருந்தால் பெரும்பாலும் கோளாறு சிப்புக்கு வெளியே, மின்சாரம் வரும் வழியில். டபிள்யூஹெச்இஏ என்ற ஹார்ட்வேர் பிழைகள் வரிசையாக இருந்தால் சிப்பையும் அதன் வோல்டேஜையும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் மல்டிமீட்டர். சுவர் பிளக்கைக் காலையில் பார்ப்பது வீண். எந்த நேரத்தில் மெஷின் விழுகிறதோ அந்த நேரத்தில் பாருங்கள். தம்பி வீட்டில் காலை 228, இரவு ஏழரைக்கு 184, கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 165. நல்ல எஸ்எம்பிஎஸ் (சுவர்க் கரண்டை 12 வோல்ட்டாக்கித் தரும் பெட்டி) இதற்கெல்லாம் அசராது. லேபிளில் 100-240 என்று போட்டிருக்கும், அந்த எல்லைக்குள் 12 வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். லேபிளில் 200-240 என்று மட்டும் இருப்பவைதான் தொல்லை. அதற்கு மருந்தாகப் பழைய ஸ்டெபிலைசரை மாட்டுவார்கள். அது டக் டக்கென்று ரிலே மாற்றும் ஒவ்வொரு முறையும் சில மில்லிசெகண்ட் கரண்ட் அறுந்து ஒட்டும். ஸ்டெபிலைசருக்குக் கொடுக்கிற காசை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் பின்னாலிருக்கும் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். கரண்ட் போகும்போது மாறுகிற நேரம் குறையும்.

அடுத்தது 12 வோல்ட். ரெண்டரிங் ஓடும்போதே, ப்ராசஸருக்குப் போகிற எட்டு பின் கனெக்டரின் பின்பக்கத்தில் மஞ்சள் ஒயரில் சிவப்பு முனை, கேபினெட் தகரத்தில் கருப்பு முனை. சில எஸ்எம்பிஎஸ்ஸில் எல்லா ஒயரும் கருப்பு. அங்கே கொக்கி இருக்கும் வரிசையில் உள்ளவை 12 வோல்ட். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் காட்டும் 12 வோல்ட்டை நம்பாதீர்கள், பல போர்டுகளில் அது உளறும். கை நடுங்குகிறவர்கள் இந்த வேலையை இன்னொருவரிடம் விடலாம், முனை வழுக்கினால் ஷார்ட்.

இந்தக் கடற்கரையில் பெரிய எதிரி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பாம்பன் பாலத்தின் இரும்பையே அரிக்கிற உப்புக்காற்று, தகர முலாம் பூசிய பின்னையா விட்டுவைக்கும்? தம்பியின் கனெக்டரில் ஒயர் பக்கம் 12.04 காட்டியது. கனெக்டரைத் தாண்டி, போர்டில் முதலில் நிற்கும் காயிலில் 11.52. அரை வோல்ட் அந்தப் பின்களிலேயே செத்துப்போகிறது. 10 ஆம்பியர் ஓடினால் அது 5 வாட் சூடு, விரல் நுனி அளவு இடத்தில். கழற்றிப் பார்த்தேன்: இரண்டு பின்னில் பாசி நிறம், பிளாஸ்டிக் ஓரம் காப்பித்தூள் நிறம். கம்ப்ரஸர் கிளம்பும்போது எஸ்எம்பிஎஸ்ஸும் தளர்ந்தால், ஏற்கெனவே அரை வோல்ட் இழந்தவன் எப்படி நிற்பான்?

பச்சை மட்டும் இருந்தால் மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போனால் அரிப்பு இரட்டிப்பு வேகத்தில் வரும். பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் வேறொன்றின் கேபிளைச் சொருகிவிடாதீர்கள். வாய் பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கலாம்.

விஆர்எம்மில் பார்க்க அதிகமில்லை. கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, ஹீட்சிங்க்கில் ஈரத்தோடு ஒட்டிய தூசி அடைத்திருக்கிறதா, காற்று அந்தப் பக்கம் போகிறதா.

இவ்வளவும் முடிந்த பிறகு பயாஸ். முதலில் அதன் புதுப் பதிப்பைப் போடுங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டுச் சேதமானது 2024-இல் பெரிய விவகாரம். அந்த ஆகஸ்டில் 0x129 மைக்ரோகோடும் (சிப்பின் உள்நிரல்), செப்டம்பரில் 0x12B-யும் பயாஸ் வழியாக வந்தன. இவை இனிக் கெடாமல் காக்க வந்தவை, கெட்டதை மீட்காது.

லோட்-லைன் காலிபிரேஷன் என்றொரு அமைப்பு இருக்கும். ஆம்பியர் ஏற ஏற வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும்படி வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள், அந்த இறக்கத்தைக் குறைப்பது இந்த அமைப்பு. இறக்கத்தின் அளவு 1 மில்லிஓம் என்றால் 80 ஆம்பியருக்கு 0.08 வோல்ட். இதைப் பார்த்துப் பதறி உச்சத்தில் வைத்தால், லோடு சட்டென்று விலகும்போது வோல்டேஜ் மேலே எகிறும். நடு நிலையில் வையுங்கள்.

பிறகு வோல்டேஜைக் கூட்டாமல் குறைத்துப் பாருங்கள். வழக்கமான வோல்டேஜிலிருந்து கூட்டிக் குறைக்கும் ஆஃப்செட்டில் மைனஸ் 0.025, ஒரு ராத்திரி டெஸ்ட், மறுபடி 0.025. விழுந்தால் ஒரு படி பின்னால் வந்து நிறுத்துங்கள். அதே வேகத்தில் மின்செலவு வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது, 1.25-ஐ 1.15 ஆக்கினால் ஏறக்குறைய 15 சதவீதம் மிச்சம். சூடு குறையும், விஆர்எம் மூச்சு விடும்.

தம்பிக்குப் புது எஸ்எம்பிஎஸ், மைனஸ் 0.05. மெஷினை அவன் வீட்டிலேயே வைத்து, ஏழரைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். கம்ப்ரஸர் கிளம்பியது, பல்ப் மங்கியது, அவன் அம்மா ஃபேனை அண்ணாந்து பார்த்தார். மீட்டரில் 11.97. ரெண்டரிங் 62 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.