உங்கள் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பது எப்படி

செபராங் பிறையிலுள்ள ஒரு பேரங்காடியில், ரைஸ் குக்கர் பரிசு என்ற ஆசையில் என் மனைவி ஓர் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டை நிரப்பிப் பெட்டியில் போட்டார். குக்கர் வரவில்லை, காப்புறுதி விற்பவர்களின் அழைப்புகள்தாம் வந்தன, அதுவும் பகல் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து. இனி அழைக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் பணிவாகச் சொன்னோம். அவர்களும் பணிவாகவே சரியென்றார்கள். மறுவாரம் வேறோர் எண்ணிலிருந்து வேறொருவர் அழைத்தார். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்பதும், எழுதிக் கேட்டால்தான் சட்டம் நம் பக்கம் அசையும் என்பதும் எங்களுக்குப் புரிய ஓராண்டு பிடித்தது.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம், தனியார் மருந்தகம், டியூஷன் மையம், தளவாடக் கடை என வணிக நோக்கில் நம் விவரங்களைக் கையாளும் எவரையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது. ஆகவே தேசியப் பதிவிலாகாவுக்கோ சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கோ இந்தச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதிப் பயனில்லை. நம்மைப் பற்றி அதிகம் அறிந்து வைத்திருக்கும் தரப்பையே விட்டுவைத்த சட்டம் பாதிச் சட்டம்தான் என்பது என் கருத்து; 2024இல் செய்யப்பட்ட திருத்தமும் அந்த விலக்கைத் தொடவில்லை.

முதல் வேலை, கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்று கண்டுபிடிப்பது. படிவத்தின் அடியிலோ நிறுவனத்தின் இணையத்தளத்திலோ தரவுப் பாதுகாப்பு அறிவிப்பு இருக்கும். தொடர்பு முகவரி அதில் இருக்க வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர்கள் எதற்குச் சம்மதித்தோம் என்று அறியாமலே கையெழுத்திடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுப் பிள்ளைகள் ஒரு முறை வாசித்துக் காட்டினால் நல்லது. பெரிய அளவில் தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் 2025 ஜூன் 1 முதல் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும் என்பதால், அத்தகைய இடங்களுக்கு அவர் பெயரிட்டே எழுதலாம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மலாயில் எழுதினால் பதில் விரைவாக வரும் என்பது என் அனுபவம். உங்கள் பெயர், அவர்களிடம் நீங்கள் கொடுத்த தொலைபேசி எண், எப்போது எங்கே கொடுத்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, "என்னைப் பற்றி உங்களிடம் உள்ள தனிநபர் தரவுகள் அனைத்தின் நகலையும் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி கோருவதோடு, அவற்றை யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற விவரத்தையும் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். நகலுக்கு அவர்கள் கேட்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 10 ரிங்கிட். உடல்நலம் போன்ற நுண்ணிய தரவுகளாக இருந்தால் 30 ரிங்கிட். அதற்கு மேல் கேட்டால் கட்டண விதிமுறையை எடுத்துச் சொல்லுங்கள். பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

அடையாளத்தை உறுதிப்படுத்த மைகாட் என்ற அடையாள அட்டையின் நகலைக் கேட்பார்கள். வெறும் நகலைக் கொடுக்காதீர்கள். எண்ணும் படமும் தெரியும்படி விட்டு, குறுக்கே இரண்டு சாய்கோடுகள் இழுத்து, அவற்றின் நடுவே இந்த நிறுவனத்திடம் தரவு கோருவதற்கு மட்டும் என்று மையினால் எழுதித் தேதியும் இடுங்கள். கைத்தொலைபேசித் தொகுப்பு வாங்கினாலும் வீடு வாடகைக்கு எடுத்தாலும் இதையே செய்யலாம்.

கடிதம் கிடைத்த நாளிலிருந்து அவர்களுக்கு 21 நாள் அவகாசம். முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் சொல்லி, மேலும் 14 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். குலுக்கல் நடத்திய நிறுவனத்துக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு 19ஆவது நாளில் ஓர் உறை வந்தது, உள்ளே ஒரே ஒரு தாள். மனைவியின் பெயரில் ஓர் எழுத்து பிழை. பிறந்த நாள் சரி. "மாத வருமானம்" என்ற கட்டத்தில், அவர் எங்குமே எழுதாத ஒரு தொகை. யாரோ மேசையில் உட்கார்ந்து உத்தேசமாக இட்ட எண் அது. தாளின் கடைசி வரியில், விவரங்கள் பகிரப்பட்ட இரண்டு காப்புறுதி முகவாண்மைகளின் பெயர்கள் இருந்தன. ஓராண்டுத் தொல்லையின் வேர் அந்த ஒரு வரியில் இருந்தது.

தாள் கைக்கு வந்ததும் இரண்டாவது கடிதம். பிழையைத் திருத்தக் கோருவது 34ஆவது பிரிவு. விளம்பரத்துக்காக விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்தக் கோருவது 43ஆவது பிரிவு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்கலாம். நிறுத்துவதற்கு நியாயமான காலம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆகவே இத்தனையாம் தேதிக்குள் என்று நீங்களே ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். நாங்கள் 14 நாள் குறித்தோம்.

அசையவில்லை என்றால், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுத்தில் புகார் செய்யலாம். இரண்டு கடிதங்கள், ரசீதுகள், அழைப்பு வந்த தேதி, நேரம், எண் ஆகியவற்றை இணைத்தால் போதும். விளம்பரத்தை நிறுத்தும்படி ஆணையர் பிறப்பிக்கும் உத்தரவை மீறினால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்த அபராதம் நம் கைக்கு வராது. புகார் செய்தவருக்கு இழப்பீடு பெற இச்சட்டம் தனி வழி எதையும் வகுக்கவில்லை. பணத்தை எதிர்பார்த்து இந்த வேலையில் இறங்குவதில் அர்த்தமில்லை.

காவல்துறை என்றும் வங்கி என்றும் சொல்லி ஏமாற்றும் கும்பலுக்கு இந்தக் கடிதம் செல்லாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த கணமே வங்கியையோ தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். அங்கே நிமிடங்கள்தாம் கணக்கு.

எங்கள் இரண்டாவது கடிதத்துக்கு, பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம் என்ற இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. அந்த இரண்டு முகவாண்மைகளுக்கும் தனித்தனிக் கடிதம் எழுதி, போன திங்கட்கிழமை பட்டர்வொர்த் அஞ்சலகத்தில் சேர்த்திருக்கிறேன். நாட்காட்டியில் 21ஆவது நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார் என் மனைவி.