கேமரா பழுதானால்: சரிசெய்வதா, மாற்றுவதா என்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் புது கேமராமேன்கள் நிறையத் தென்படுவார்கள். திருப்பூட்டு (தாலி கட்டுவது) முடிகிற வரை ஓடி ஓடி எடுக்கிறார்கள், நன்றாகவும் எடுக்கிறார்கள். கேமரா மக்கர் பண்ணும்போதுதான், நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். ஒருவர் நல்ல பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) கழித்துக் கட்டுகிறார், இன்னொருவர் தேறாத பாடிக்குப் பணத்தைக் கொட்டுகிறார்.

பேட்டரி சார்ஜ் பார்ப்பது, மெமரி கார்டை மாற்றிப் போடுவது இதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது தெரியாமல் யாரும் கல்யாண ஆர்டர் பிடிப்பதில்லை.

லென்ஸில் உள்ள பழுதுக்குப் பாடியை மாற்றுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். கண்டனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், கேனான் 6டி பாடியும் 24-105 எஃப்4 லென்ஸும் வைத்திருந்தார். ஒரு கல்யாணத்தில் முகப்பில் பங்காளிகள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து குரூப் போட்டோ எடுக்கும்போது திரையில் ‘எரர் 01’ வந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினார். மணமக்களை மட்டும் எடுத்தால் படம் விழுகிறது. மறுபடி குரூப் எடுத்தால் எரர். வந்து வந்து போகிற பழுது என்பதால் பாடிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டுதான் போயிருக்கும் என்று யாரோ ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பி, பாடியை அடிமாட்டு விலைக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, தவணையில் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வாங்கினார். பழைய லென்ஸை அடாப்டர் வைத்து அதில் மாட்டினார். அடுத்த கல்யாணத்தில், அடுத்த குரூப் போட்டோவில், அதே எரர்.

“அண்ணே, புது கேமராவும் போயிருச்சுண்ணே” என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றார். லென்ஸை வாங்கி என் பாடியில் மாட்டினேன். எஃப் 4இல் படம் விழுந்தது. எஃப் 8இல் எரர். பழுது லென்ஸில்தான். அதற்குள் நல்ல பாடி கைமாறிப் போயிருந்தது.

அங்கே என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் உங்களுக்கு இது நடக்காது. கேனான் இஎஃப் லென்ஸில் நீங்கள் எஃப் 8 வைத்தாலும், ஷட்டர் பட்டனை அழுத்தும் வரை அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை, முழுதாகத் திறந்தே இருக்கும். எஃப் எண் கூடக் கூட அந்தத் துளை சுருங்க வேண்டும். படம் விழுகிற அந்தக் கணத்தில்தான் துளையைச் சுருக்கும் இதழ்கள் மூடும். அதனால் வியூஃபைண்டரில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆட்டோஃபோக்கஸும் வேலை செய்யும். மணமக்கள் படத்தை அவர் எஃப் 4இல், லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையில் எடுத்தார். இதழ்கள் அசைய வேண்டிய அவசியமே இல்லை, படம் விழுந்தது. குரூப் போட்டோவில் முன் வரிசையும் பின் வரிசையும் தெளிவாக வர வேண்டுமே என்று எஃப் 8 வைத்தார். இதழ்கள் மூட வேண்டும், மூடவில்லை, எரர். இதழ்களுக்குக் கட்டளை கொண்டுபோகிற மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள், ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கினால் உள்ளே இழை விட்டுப் போகும். பழைய 24-105இல் இது பேர்போன பழுது. மதுரையில் லென்ஸைப் பிரித்து அந்தக் கேபிளை மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். தம்பி இன்னும் தவணை கட்டுகிறார்.

எரர் 01 என்பது பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பேச்சு அறுந்துவிட்டது என்ற செய்தி மட்டும்தான். யார் மேல் தப்பு என்று அது சொல்லாது. முதலில் லென்ஸின் பின்புறத்தில் உள்ள தங்க நிற மின்தொடர்புப் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். அப்புறம் வேறு லென்ஸை மாட்டி, எஃப் 8, எஃப் 11 வைத்து எடுங்கள். பிறகு உங்கள் லென்ஸை வேறொருவர் பாடியில் மாட்டி அதே மாதிரி எடுங்கள். முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு “சரியாக இருக்கிறதே” என்று விட்டுவிடாதீர்கள். சக கேமராமேனிடம் அரை மணி நேரம் லென்ஸ் கடன் கேட்கக் கூச்சப்பட்டு, பாடி விலையை இழக்காதீர்கள். இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் கொடுப்பார்கள்.

நனைந்த கேமராவை ஆன் செய்து பார்ப்பது

கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கும் இடத்தில்தான் பாதிப் பேர் கேமராவை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு சொட்டு விழுந்தால் ஒன்றும் ஆகாது. உள்ளே இறங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அந்த நொடியே ஆஃப் செய்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஆனால் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, வேலை செய்கிறதா என்று பார்ப்பது. ஈரமான போர்டில் மின்சாரம் ஓடினால் செம்புத் தடங்கள் கரைய ஆரம்பிக்கும். நீர் மட்டும் இருந்திருந்தால் காய்ந்து பிழைத்திருக்கும், மின்சாரம் சேர்ந்ததால் செத்துப்போகும். 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்றே இப்படி உலோகம் அரித்துப் போவதைப் பற்றியதுதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஈரக் கேமராவின் ஸ்விட்சைத் தட்டாதீர்கள்.

பேட்டரி, கார்டு, லென்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வைத்து, அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். தொண்டிப் பக்கம் கடற்கரையில் உப்புத் தண்ணீரில் விழுந்த பாடி என்றால் பெரும்பாலும் சரிசெய்ய நினைக்க வேண்டாம். இன்றைக்கு ஓடும், உப்பு உள்ளேயே இருக்கும், இன்னொரு முகூர்த்தத்தில் நிற்கும்.

அரிசிப் பானைக்குள் போடுவது

வேண்டாம். தூசிதான் உள்ளே போகும்.

பாடி விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது

ரிப்பேருக்கு இவ்வளவு கேட்கிறார்கள், புது பாடி இவ்வளவுதானே என்று ஒப்பிடுவது பாதிக் கணக்கு. 2018இல் கேனான் ஆர்எஃப் மவுண்ட்டும் நிக்கான் இஸட் மவுண்ட்டும் வந்த பிறகு, புது பாடி என்றால் பெரும்பாலும் புது மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாயே வேறு. கேனான் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் நன்றாகவே ஓடும். நிக்கானில் கவனம் தேவை: பாடியில் உள்ள மோட்டாரை நம்பி ஓடும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் இஸட் பாடியில் பழைய லென்ஸ் மாட்டும் எஃப்டிஇஸட் அடாப்டரில் ஆட்டோஃபோக்கஸ் செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்தில்) மங்கலான வெளிச்சத்தில், தாலி ஏறுகிற நேரத்தில் அதைச் செய்ய முடியுமா என்று யோசியுங்கள். ஃப்ளாஷ், கூடுதல் பேட்டரி, கார்டு ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே மாடல் நல்ல நிலையில் செகண்ட்ஹேண்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். ரிப்பேர் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நான் சரிசெய்வதில்லை. புது பாடி விலையோடு ஒப்பிட்டால் எந்த ரிப்பேரும் மலிவாகத்தான் தெரியும்.

ஷட்டர் கவுண்ட்டைப் பார்த்துப் பயப்படுவது

கேனான் 5டி மார்க் 3, நிக்கான் டி750 இரண்டுக்கும் நிறுவனம் சொல்லும் ஷட்டர் ஆயுள், அதாவது அது திறந்து மூடும் எண்ணிக்கை, 1,50,000. நிக்கான் டி850க்கு 2,00,000. அந்த எண்ணைத் தாண்டினால் கேமரா நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. அதுவரை சோதித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஷட்டரும் மாற்றக்கூடிய பாகமே. சென்சாரும் (படத்தைப் பதிவு செய்யும் பாகம்) மெயின் போர்டும் நன்றாக இருக்கிற பாடிக்கு ஷட்டர் மாற்றுவது பெரும்பாலும் நல்ல முடிவு.

இன்னொன்று. டி750 ஷட்டரில் கோளாறு இருப்பதாக நிக்கானே 2015இல் அறிவித்து, பாதிக்கப்பட்ட சீரியல் எண்களுக்கு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. டி600 சென்சாரில் புள்ளி விழுந்த விவகாரத்திலும் 2014இல் வாரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் செய்தது. உங்கள் மாடலுக்கு அப்படி ஏதும் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த பாடிக்கு இங்கே வாரண்டி கேட்பது

நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், மாமாவோ சித்தப்பாவோ கேமரா வாங்கி வருவது வழக்கம்தான். பாடிக்கு வாரண்டி பல சமயம் வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான். அட்டையைப் படித்துவிட்டு மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுங்கள். அதே மாமா வாங்கி வந்த சின்ன பாக்கெட் கேமராவில் மணல் புகுந்து லென்ஸ் வெளியே நீட்டியபடி சிக்கிக்கொண்டால், அதற்கு ரிப்பேர் செலவு கட்டுபடியாகாது.

மதிப்பீட்டை எழுதி வாங்காமல் பிரிக்கச் சொல்வது

எழுதி வாங்குங்கள். என்ன பாகம், புதியதா கழற்றியதா, எத்தனை மாத உத்தரவாதம்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முடிவெடுப்பது

வாடகைக்கு எடுங்கள். முடிவை அடுத்த வாரம் எடுங்கள்.

மாற்ற வேண்டிய கட்டத்திலும் மாற்றாமல் இருப்பது

சில பழுதுகளுக்கு யோசனையே வேண்டாம். ரிசப்ஷனில் டிஜே லேசர் நேராகப் பட்டு சென்சாரில் கோடு விழுந்தால், சென்சார் மாற்றும் செலவு பாடியின் மதிப்பை நெருங்கிவிடும். மிரர்லெஸில் சென்சார் எந்நேரமும் வெளிச்சம் பார்த்துக்கொண்டே இருப்பதால் ஆபத்து அதிகம். லேசர் சுற்றும்போது மேடைக்கு முதுகைக் காட்டுங்கள். மெயின் போர்டு போன பாடியும், நிறுவனம் உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்ட மாடலும் இதே கணக்குதான். வாங்கிய முதல் கேமரா என்ற பாசத்தில் அதற்கு மேலும் செலவழிக்காதீர்கள். அந்தப் பாசம் எனக்கும் புரிகிறது, ஆனால் அந்தப் பணம் நல்ல லென்ஸுக்குப் போகட்டும்.

செத்த பாடியையும் குப்பையில் போடாதீர்கள். மெக்கானிக்குகள் அதிலிருந்து ஷட்டர், திரை, பேட்டரி மூடி எல்லாம் எடுத்துக்கொள்வார்கள், உங்கள் அடுத்த ரிப்பேரில் கழித்துக்கொள்வார்கள். பேட்டரியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 2008இல் 5டி மார்க் 2 உடன் வந்த எல்பி-ஈ6 பேட்டரியைப் பத்து ஆண்டு கழித்து வந்த கேனான் ஈஓஎஸ் ஆர் மிரர்லெஸிலும் போடலாம்.