பேலட் டிரக், ஸ்டாக்கர், செயின் பிளாக்: கப்பலில் அனுப்பும் முன்

பெட்டிக்கு மரம் வாங்குவதற்கு முன்னாலேயே, சரக்கு எந்த எச்எஸ் கோடில் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். இன்வாய்ஸில் ‘மெட்டீரியல் ஹேண்ட்லிங் எக்விப்மென்ட்’ என்று பொதுவாகப் போட்டால் சுங்கத்தில் கேள்விதான் வரும். சரக்குப் பலகையைத் தூக்கி நகர்த்தும், கையால் பம்ப் அடிக்கும் பேலட் டிரக் 8427.90, சரக்கை உயரத்தில் தூக்கி அடுக்கும், மோட்டாரில் தானே ஓடும் ஸ்டாக்கர் 8427.10. செமி எலெக்ட்ரிக் ஸ்டாக்கரில்தான் பலர் குழம்புகிறார்கள்: தூக்குவது மோட்டார் என்றாலும் தள்ளுவது ஆள், ஆகவே அது தானே ஓடும் வண்டி இல்லை, அதுவும் 8427.90தான். தூக்கும் வசதியே இல்லாத சாதாரண தள்ளுவண்டி 8716.80க்குப் போய்விடும். சங்கிலியைக் கையால் இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் 8425.19, அதே வேலைக்கு மின் மோட்டார் வைத்த ஹாயிஸ்ட் 8425.11.

அடுத்து அளவு. கண்டெய்னரில் பிறர் சரக்கோடு பங்கு போட்டு எல்சிஎல்லில் அனுப்பும்போது ஒரு கன மீட்டரை 1000 கிலோவுக்குச் சமமாக வைத்து, கன அளவு, எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. பேலட் டிரக் ஏறக்குறைய 75 கிலோதான், ஆனால் இடத்தை அடைக்கும். 1.55 மீட்டர் நீளம், 0.55 அகலம் உள்ள வண்டியைக் கைப்பிடியோடு நிறுத்தினால் உயரம் 1.25 மீட்டர் வரும். நான்கு வண்டிக்கு 4.26 கன மீட்டர். கைப்பிடியைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்தால் உயரம் 0.4 மீட்டராகக் குறைந்து நான்கும் 1.36 கன மீட்டரில் அடங்கிவிடும். தயவுசெய்து கழற்றுங்கள். கழற்றும்போது கைப்பிடியிலிருந்து பம்புக்கு வரும் ரிலீஸ் சங்கிலி உள்ளே நழுவாமல் டேப் போட்டு ஒட்டி, போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு வண்டியிலேயே கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் இறக்குபவர் வண்டியைப் பூட்ட முடியாமல் தவிப்பார்.

ஃபோர்க்கை (சரக்குப் பலகைக்கு அடியில் நுழையும் இரும்பு முள்) முழுக்க இறக்கிவிடுங்கள். அப்புறம் ஃபோர்க்குக்கு அடியில் கட்டை கொடுத்து எடையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். சக்கரத்தில் நின்றபடி போனால் கப்பல் ஆட்டத்தில் வண்டி உருண்டு பலகையையே உடைக்கும். ஸ்ட்ராப்பை இரும்புச் சட்டத்தின் மேல் இழுங்கள், பம்பின் மேல் வேண்டாம். பம்பை ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள், எண்ணெய் கசியும், காற்றும் புகும். பளபளப்பான பிஸ்டன் தண்டில் கிரீஸ் தடவி, துருத்தடுப்பு விசிஐ ஷீட் சுற்றுங்கள், கடல் காற்றுக்கு இது அவசியம். ஃபோர்க்லிஃப்ட் முள் நுழைய அடியில் 100 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

பெட்டிக்கு அறுத்த மரம் போட்டால், மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி அதைப் பதப்படுத்தி (சூடேற்றும் முறை என்றால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும்), அந்த முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். பிளைவுட் என்றால் இந்தத் தொல்லை கிடையாது.

பேட்டரி வண்டி மட்டும் தனிக்கதை. ஆபத்தான சரக்குக்குத் தரும் யூஎன் எண்ணில், லெட் ஆசிட் பேட்டரியுள்ள தானே ஓடும் வண்டி யூஎன் 3171, லித்தியம் அயான் என்றால் யூஎன் 3556. இணைப்பைப் பிரித்து முனைகளை மூடி டேப் ஒட்டுங்கள், புக்கிங் போடும் முன்பே ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்) பேட்டரி வகையைச் சொல்லி, பேட்டரியின் பாதுகாப்பு விவரங்கள் உள்ள எம்எஸ்டிஎஸ் தாளையும் கொடுத்துவிடுங்கள்.