பனிக்காலக் கோழிக்கூண்டில் குளிரைவிட ஈரமே ஆபத்து

கனடாவின் கியூபெக் மாகாணக் கிராமங்களில், இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி வரை இறங்கும் நாட்களில், கூண்டின் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட வேண்டும் என்றுதான் புதிதாகக் கோழி வளர்ப்பவருக்குத் தோன்றும். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் என்பதால், காற்று நேராக அடிக்காத உலர்ந்த இடம் கிடைத்தால், நன்கு வளர்ந்த கோழி இறகுகளை உப்பவைத்துத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஆனால் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொண்டையில் படிந்தால், கொண்டையே உறைந்து கருத்துவிடும்.

ஆகவே, கோழிகள் அமரும் கட்டைக்கு மிக உயரத்தில், கூரையை ஒட்டி, கம்பிவலை அடித்த காற்றுத் திறப்புகளைக் குளிர்காலம் முழுவதும் திறந்தே வைத்திருங்கள். காலையில் சன்னலின் உட்புறம் பனி படிந்திருந்தால், திறப்பு போதவில்லை என்று பொருள். அமரும் கட்டை உருண்டையாக இல்லாமல், தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால், கோழி தன் விரல்களை வயிற்று இறகுகளால் மூடிக்கொண்டு உறங்கும். நனைந்த கூளத்தை உடனே அகற்றுங்கள்; தண்ணீர்ப் பாத்திரத்தை இரவில் கூண்டுக்குள் விடாதீர்கள். வெப்ப விளக்கு கூளத்தில் விழுந்தால் கூண்டே எரிந்துவிடும் என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

புதிதாகக் கோழி வாங்குவோர், இதே மாகாணத்தின் ஓக்கா மடத்தில் உருவான சாண்டெக்ளேர் இனத்தைக் கேட்டு வாங்கலாம்; அதன் கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை.