முகங்களைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு பழைய பாக்கி

போன வாரம், புதிதாகப் படமெடுக்கப் பழகும் ஆறு பேரோடு ஒரு நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, சார்ஜ் இல்லாத பேட்டரியோடு கிளம்புவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றுக்குக் கட்டுரை தேவையில்லை. நான் ஆரம்பத்தில் அடித்த கூத்துகளை, அதே வரிசையில், அதே தன்னம்பிக்கையோடு அவர்களும் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அதில் ஒன்று இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது. அது கேமராவுக்குள் நடக்கிற தவறே இல்லை. அதற்கு வருகிறேன்.

மூக்கு பெரிதாகத் தெரிகிறதா? பின்னால் போங்கள்

"லென்ஸ் சரியில்ல சார், மூக்கு பெருசா வருது" என்றார் ஒருவர். 24 மி.மீ. அகலக்கோண லென்ஸை மாட்டிக்கொண்டு, எதிரில் இருந்தவர் முகத்துக்கு இரண்டு சாண் தள்ளி நின்றிருந்தார். தவறு லென்ஸில் இல்லை, நின்ற இடத்தில். மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 10 செ.மீ. பின்னால் இருக்கிறது. மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் நின்றால் காது 50 செ.மீ. தூரத்துக்குப் போய்விடும், காதோடு ஒப்பிட்டால் மூக்கு கால் பங்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 7 சதவீதத்தைத் தாண்டாது. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம்தான். அங்கே நின்று எவ்வளவைச் சட்டத்துக்குள் அடைக்கலாம் என்பது மட்டுமே லென்ஸின் வேலை.

எல்லாவற்றையும் எஃப்/1.4இல் எடுப்பது

எஃப் எண் என்பது லென்ஸின் துளை அளவு. எண் குறையக் குறையத் துளை அகலும், படத்தில் தெளிவாக விழும் ஆழம் சுருங்கும். காசு கொடுத்து வாங்கிய எஃப்/1.4 ஆயிற்றே, எஃப்/4இல் எடுக்க மனசு வருமா? எனக்கும் இரண்டு வருடம் வரவில்லை. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸோடு ஒன்றரை மீட்டரில் நின்று எஃப்/1.4இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 2.5 செ.மீ. சுமார்தான். முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் ஒரு கண் தெளியும், மற்றது கரையும். நிற்கிற மனிதர் மூச்சு விடும்போது அசைகிற அசைவே அந்த ஆழத்தைத் தின்றுவிடும். எஃப்/4இல் ஏறக்குறைய 7 செ.மீ. கிடைக்கும், இரண்டு கண்ணும் பிழைக்கும். பின்னணி கரைய வேண்டுமானால் ஆளைச் சுவரிலிருந்து நான்கடி முன்னால் கூப்பிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.

"சிரிங்க!"

சொல்லாதீர்கள்.

"கண்டிப்பா அனுப்பறேன்"

நான் சொன்ன எரிச்சல் இதுதான்.

அன்று மாலை, வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியை அந்த ஆறு பேரில் ஒரு இளைஞர் அருமையாக எடுத்தார். பக்கவாட்டு வெளிச்சம், அவசரப்படாத கை. முடிந்ததும் பாட்டி, "எனக்கு ஒண்ணு குடுப்பியா தம்பி?" என்று கேட்டார். "கண்டிப்பா அனுப்பறேன் பாட்டி" என்றார் இவர். சொன்ன வேகத்தில் அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டிவிட்டார். பெயர் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை. எங்கே அனுப்புவார்? பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அதுதான் சங்கடம். எனக்கும் அப்போது இருந்ததில்லை.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு பயணத்தில், மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த கடிகார ரிப்பேர்காரர் ஒருவரைப் படமெடுத்தேன். ஒரே ஜன்னல். கண்ணில் இடுக்கிய பூதக்கண்ணாடி. நான் எடுத்த நல்ல முகங்களில் அதுவும் ஒன்று என்று இன்றும் சொல்வேன். "படம் வந்ததும் அனுப்பிடறேன்யா" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கொஞ்ச காலம் கழித்து அந்தப் படத்தை ஒரு விளம்பரத்துக்குக் கேட்டார்கள். நான் அதுவரை பார்த்திராத தொகை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: படத்தில் இருப்பவரின் சம்மதக் கையெழுத்து. செய்திக்கோ கண்காட்சிக்கோ போகிற படத்தைவிட விளம்பரத்துக்குப் போகிற படத்துக்கு இதில் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. யாரிடம் கேட்பேன்? நேரம் முடிந்தது. வேறொருவர் படத்தை எடுத்துக்கொண்டார்கள்.

பணம் போனதைக்கூட மறந்திருப்பேன். மறுபடி அந்தப் பக்கம் போனபோது, இந்த முறையாவது கையெழுத்து வாங்கிவிடலாம் என்று கடையைத் தேடிப் போனேன். கேமராவைப் பார்த்ததும் மனிதர் ஒன்றும் பேசாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து, பக்கங்களைத் தள்ளி, விரலை வைத்துக் காட்டினார். ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் சீட்டு கட்டி நோட்டில் பதிகிற ஆள் அவர். எனக்கும் ஒரு வரி இருந்தது: "போட்டோ தம்பி. படம் 1. வரவேண்டியது."

"உனக்கப்புறம் மூணு பேர் வந்தாங்க. பழைய பாக்கி தீரட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

அந்த மூன்று பேரும் யாரென்று எனக்குத் தெரியாது. நான் சாத்திய கதவில் போய் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, இரண்டு பிரிண்ட் போட்டு, தடித்த அட்டைக்கு நடுவே வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியது. அந்த முறை முகவரியை அவர் கையாலேயே எழுதி வாங்கியிருந்தேன்.

பேர்பெற்றவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர் முகாமில் டாரதியா லாங்கே ஒரு தாயை எடுத்தார். பொருளாதாரப் பெருமந்தத்துக்கே அந்த முகம்தான் அடையாளம் என்று ஆனது. அவர் பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னால் எழுதினார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். ஒரு பிரதி அனுப்புவதாக லாங்கே சொன்னார், அனுப்பவில்லை என்பது தாம்சனின் மனக்குறை. 1984இல் ஸ்டீவ் மக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் கதையும் பாதி இதுதான். 1985இல் பத்திரிகை அட்டையில் வந்து உலகம் முழுக்கத் தெரிந்த முகம். ஷர்பத் குலா என்ற பெயர் தெரிய 2002இல் தேடிப் போக வேண்டியிருந்தது. போரும் முகாமுமாக இருந்த இடங்களில் அவர்களுக்கு ஆயிரம் நெருக்கடி இருந்திருக்கும். சாவகாசமாகத் தெருவில் நடக்கிற நமக்கு என்ன?

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். கடிகாரக்காரரிடம் கற்றது. படமெடுத்து முடிந்ததும் சின்ன நோட்டை நீட்டுகிறேன். பெயர், முகவரி அல்லது போன் நம்பரை அவர்களே எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதி வாசித்துக் காட்டுவேன். அந்தப் பக்கத்தை அதே கேமராவில் உடனே ஒரு படம் எடுத்துவிடுவேன். முகங்கள் முடிகிற இடத்தில் பெயர் இருக்கும். நோட்டு தொலைந்தாலும் கார்டில் கிடக்கும். பையில் எடுத்த உடனே பிரிண்ட் தருகிற ஒரு இன்ஸ்டாக்ஸ் மினி கேமராவும் உண்டு. படம் 62 x 46 மி.மீ.தான், ஆனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அவர்கள் கையிலேயே உருவம் தெளிந்து வரும். அதைக் கொடுத்த பிறகு எடுக்கிற படங்கள் முதலில் எடுத்தவற்றைவிட நன்றாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போனில் வாட்ஸ்அப் இருக்கிறவருக்கு அங்கேயே நின்று அனுப்பிவிடுவேன். அனுப்ப முடியாது என்று தெரிந்தால், "முடியாதுங்க" என்று சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த இளைஞரைப் பாட்டியிடம் திருப்பி அனுப்பினேன். முகம் சுளித்துக்கொண்டுதான் போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது, பாட்டி விடவில்லையாம்.

ஜன்னலும் பல்பும் சேர்ந்தால்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் ஏறினால் நீலம், இறங்கினால் மஞ்சள். ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் 5500 கெல்வின் சுமார். வீட்டு மஞ்சள் பல்பு 2700. இரண்டும் முகத்தின் இரு பக்கம் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. பின்னால் கம்ப்யூட்டரில் சரிசெய்கிறேன் என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதற்கு எழுந்து போய் சுவிட்சை அணைக்கலாம்.

"முடிஞ்சுது" என்றதும் கேமராவை இறக்குவது

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் மூன்றுக்கு முகம் இறுகியிருக்கும். "முடிஞ்சுதுங்க, ரொம்ப நன்றி" என்றதும் தோள் இறங்கும், வாய் தளரும். கேமராவை இறக்காமல் இன்னும் இரண்டு எடுங்கள். நான் பிரிண்ட் போடுகிறவற்றில் பாதி அந்த இரண்டில் ஒன்று.

திரையைப் பார்த்தே அழிப்பது

கேமராத் திரை உள்ளங்கை அகலம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து அழியுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பார்ப்பது

நீங்கள் குனிந்திருந்தபோதுதான் அவர் சிரித்தார்.