டிஸ்க் இமேஜை மவுண்ட் செய்யலாம், ஒரு பைட்கூட மாறாமல்

என் சர்வீஸ் கடைக்கு வரும் ஹார்டு டிஸ்க்குகளில் பல, இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில்தான் வரும். உள்ளே கல்யாண ஆல்பம் இருக்கும், பத்து வருஷக் கணக்கு வழக்கு இருக்கும். அந்த டிஸ்க்கில் நான் எதையும் தேடுவதில்லை. டிடிரெஸ்க்யூ (கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலிருந்தும் நகல் எடுக்கும் புரோகிராம்) போட்டு முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி கவரில் போட்டுவிடுவேன். பிறகு எல்லா வேலையும் அந்த ஃபைலில், லினக்ஸில். கமாண்டுகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் அந்த இமேஜ் ஃபைலின்மேல் 'ஷா256சம்' ஓட்டி, வரும் நீண்ட எண்ணைக் குறித்துவையுங்கள். ஃபைலில் ஒரு பைட் மாறினாலும் இந்த எண் மாறிவிடும். கடைசியில் இதுதான் சாட்சி.

இமேஜை நேராக மவுண்ட் செய்தால், அதாவது உள்ளிருப்பதை ஒரு ஃபோல்டர்போலத் திறக்கப் பார்த்தால், 'ராங் எஃப்எஸ் டைப்' என்று எரர் வரும். ஃபைல் கெட்டுப்போச்சு என்று பலரும் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். கெடவில்லை. முழு டிஸ்க் இமேஜின் தொடக்கத்தில் இருப்பது பார்ட்டிஷன் டேபிள், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். ஃபைல் சிஸ்டம் அதற்கு அப்புறம்தான் வரும். 'எஃப்டிஸ்க் -எல்' கொடுத்துப் பாருங்கள், முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 2048-ஆவது செக்டாரில் தொடங்கும். அதை 512-ஆல் பெருக்கி, 1048576 என்று ஆஃப்செட் கொடுப்பது பழைய வழி. இப்போது அந்தக் கணக்கு தேவையில்லை:

சூடோ லோசெட்அப் --ஃபைண்ட் --ஷோ --பார்ட்ஸ்கேன் --ரீட்-ஒன்லி டிஸ்க்.ஐஎம்ஜி

பதிலாக '/டெவ்/லூப்0' போல ஒரு பெயர் வரும். ஃபைலை ஒரு டிஸ்க்போலக் காட்டும் லூப் டிவைஸின் பெயர் அது. உபுண்டுவில் ஸ்னாப் பேக்கேஜ்கள் லூப்களைப் பிடித்து வைத்திருப்பதால் லூப்14 என்றுகூட வரலாம், பயப்பட வேண்டாம். 'எல்எஸ்பிஎல்கே' அடித்தால் அதன் கீழே பி1, பி2 என்று பார்ட்டிஷன்கள் தெரியும்.

அந்த 'ரீட்-ஒன்லி'யை மட்டும் விட்டுவிடாதீர்கள். மவுண்ட் செய்யும்போது 'ஆர்ஓ' கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சரியாக ஷட்டவுன் ஆகாத எக்ஸ்ட்4 (லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) டிஸ்க்கில், ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) பாக்கி நிற்கும் மாற்றங்களை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மவுண்டின்போதே எழுதி முடித்துவிடும், 'ஆர்ஓ' கொடுத்திருந்தாலும்கூட. ஃபைலுக்கு 444 பெர்மிஷன் (படிக்க மட்டும்) வைத்தாலும், சூடோ தரும் ரூட் என்ற முழு அதிகாரத்தை அது தடுக்காது. லூப் டிவைஸே எழுத விடாமல் இருந்தால்தான் பாதுகாப்பு. ஆனால் அப்போது ஜர்னல் பாக்கியுள்ள எக்ஸ்ட்4 மவுண்ட் ஆக மறுக்கும். அதற்குத்தான், ஜர்னலை ஓட்டாதே என்று சொல்லும் 'நோலோட்':

சூடோ மவுண்ட் --ஆப்ஷன்ஸ் ஆர்ஓ,நோலோட் /டெவ்/லூப்0பி2 /எம்என்டி

பார்ட்டிஷன் எக்ஸ்எஃப்எஸ் (இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) என்றால் 'நோலோட்' இடத்தில் 'நோரெகவரி'. விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு வெறும் 'ஆர்ஓ' போதும்.

ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்த பின், 'சூடோ யூமவுண்ட் /எம்என்டி'. இதில் 'யூ'வுக்கும் 'எம்'முக்கும் நடுவே 'என்' கிடையாது. 'டார்கெட் இஸ் பிஸி' என்று அடம்பிடித்தால், ஏதோ ஒரு டெர்மினல் இன்னும் அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது. 'எல்எஸ்ஓஎஃப் /எம்என்டி' காட்டிக்கொடுக்கும். யூமவுண்ட் ஆனதும் 'சூடோ லோசெட்அப் --டிடாச் /டெவ்/லூப்0'. இப்போது மறுபடி 'ஷா256சம்' ஓட்டுங்கள். முன்பு குறித்த எண் அப்படியே வர வேண்டும்.

'நோலோட்' போட்டுத் திறந்ததில் சில ஃபோல்டர்கள் உடைந்தோ, கடைசியாகச் சேமித்த ஃபைல்கள் காணாமலோ இருக்கலாம். அவை ஜர்னலிலேயே நிற்கக்கூடும். அப்போது இமேஜை 'சிபி' செய்து, அந்த நகலை மட்டும் 'ரீட்-ஒன்லி', 'ஆர்ஓ', 'நோலோட்' எதுவும் இல்லாமல் மவுண்ட் செய்யுங்கள். ஜர்னல் ஓடி முடியும். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் 'எஃப்எஸ்சிகே' ஓட்ட வேண்டியிருந்தாலும் நகலில்தான், அதுவும் மவுண்ட் ஆகாத நிலையில். அதனால் டிஸ்க்கின் அளவைப்போல இரண்டு மடங்காவது காலி இடம் இருக்கிறதா என்று டிடிரெஸ்க்யூ தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.